மூன்றாம் பக்கம், பதினோராம் வரி

கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் மாடிப்படிக்குக் கீழே
ஒரு மேசை, கால் ஆடும் நாற்காலி,
ஆங்கிலத் தீர்ப்புகளைத் தமிழாக்கும் நான்.

மூன்றாம் பக்கம், பதினோராம் வரியில்
வந்து நின்றது அந்தச் சொல்:
சாவேஜ்.
பதினேழு காயங்களையும் எண்ணி எழுதிய பிறகு
எண்ணிக்கை போதாதென்று நீதிபதிக்குத் தோன்றியிருக்கும்.

அகராதி நீட்டியது:
கொடூரமான, மூர்க்கமான, நாகரிகமற்ற,
காட்டுமிராண்டித்தனமான.
வேரைத் தோண்டினால் லத்தீன் மண்ணில்
ஒரு காடு இருக்கிறதாம்.
எவனோ முதல் வேலி போட்ட அன்றே
வேலிக்கு அப்பால் இருந்ததெல்லாம் கடிக்கும் என்று
எழுதி வைத்துவிட்டான்.
நம் ஆளும் சளைத்தவன் இல்லை,
காட்டை முன்னால் வைத்துத்தான் வைதிருக்கிறான்.

அடித்தவர்கள் யாரும் காட்டிலிருந்து வரவில்லை.
ஒருவர் மாங்கூழ் ஆலையில் மேலாளர்.
ஒருவர் தோப்புக்காரர், பெங்களூருவில் வீடு.
மற்றவர்கள் அவர்கள் சொன்னதைச் செய்கிறவர்கள்.
தொடங்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றி
கைக்குட்டையில் சுற்றி வைத்தார் மேலாளர்
என்கிறது நான்காம் சாட்சி.
நடுவில் டீ வந்தது
என்கிறது ஆறாம் சாட்சி. ஏழு டீ.
அதில் ஒன்று சர்க்கரை இல்லாமல்.
அந்தச் சர்க்கரை இல்லாத டீயைத் தாண்டி
அரை மணி நேரம் என்னால் தட்டச்சு செய்ய முடியவில்லை.

பையன் பெயர் மாதேசு.
எடுத்தது எட்டு தோத்தாபுரி. கீழே விழுந்தவை.
இப்போது வலது காது கேட்பதில்லை.

அவன் அம்மா கெம்பம்மா
அஞ்செட்டிக்கு மேலே மலையிலிருந்து
இரண்டு பஸ் மாறி வந்து நின்றாள்.
நகல் இன்னும் தயாராகவில்லை என்றேன்.
ஆன வரைக்கும் வாசி என்றாள்.
வாசித்தேன். "இது ஒரு காட்டுமிராண்டித்தனமான..."

"காட்டுல ஏதும்மா இது?
ஒத்தைக்கொம்பன் வரும். கேவுரு தின்னும்.
குறுக்க நின்னா மிதிக்கும்.
கட்டிப்போட்டு மிதிக்காது."

சொல்லிவிட்டு
சாயங்கால பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

இரவு வீட்டில் மகன் போனில் எதையோ பார்த்துச் சிரிக்கிறான்.
மேடையில் ஒருவன் இன்னொருவனை
நிறத்தைச் சொல்லி மடக்குகிறான், கூட்டம் கைதட்டுகிறது.
"செம சாவேஜ்மா!"
அப்படியென்றால் என்னடா?
"கெத்துன்னு அர்த்தம்."
தோசை திருப்பும் கை அப்படியே நின்றது, ஒரு பக்கம் கருகியது.
அகராதியில் அது இல்லை.
இல்லாவிட்டால் என்ன,
சொற்கள் அகராதியைக் கேட்டுக்கொண்டா ஊர் சுற்றுகின்றன?

மறுநாள் கர்சரைக் கொண்டுபோய் வைத்துக்
காட்டை அழித்தேன்.
எங்கள் மாவட்டத்தில் அது ஒன்றும் புதிதில்லை,
ஒரு விரல் போதும்.
மிராண்டி மட்டும் தனியாக நின்றது
பட்டா இல்லாதவன் மாதிரி.
அடியில் சிவப்புக் கோடு நெளிந்தது.
முன்னால் ஊர் என்று சேர்த்துப் பார்த்தேன்:
ஊர்மிராண்டித்தனமான செயல்.
கோடு போகவில்லை.
சொல் மட்டும் எனக்கு
நாலு நாள் கழித்து நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மேற்பார்வையாளர் வரதராசலு நல்ல மனிதர்.
திட்டவில்லை.
"இப்படி ஒரு வார்த்தை கிடையாதும்மா" என்று
சிவப்பு மையில்
காட்டைத் திரும்ப நட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை கெம்பம்மா வந்தாள்.
முத்திரை இன்னும் ஈரமாக இருந்தது.
"அந்தச் சொல்லு எங்க இருக்கு?"
காட்டினேன்.
கட்டைவிரலை அதன்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு
மீதியை வாசிக்கச் சொன்னாள்.